கோட்டுத் தாத்தா

காலை ஒன்பதே காலுக்கு மழை விட்டது. பிரேம்காரர் பாதி இறக்கியிருந்த ஷட்டரை முழுதாகத் தூக்கினார். மழை நாளில் கடையைப் பாதிதான் திறப்பார். ஈரம் உள்ளே வந்தால் அட்டை உப்பிவிடும். பசை காயாது.

கடை ஒரே நீள அறை. முன்னால் பெரிய மேசை. அதன்மேல் பழைய கம்பளியை விரித்துக் கண்ணாடி வெட்டுவார். சட்டக் கட்டைகள் சுவரோரம் சாய்ந்து நிற்கும். பின்னால், தட்டி மறைப்புக்கு அப்பால், மனைவியின் மேசை. படத்தின் முன்பக்கம் அவர் வேலை, பின்பக்கம் அவள் வேலை. அட்டை வைப்பது, பொடி ஆணி அடிப்பது, பழுப்புக் காகிதம் ஒட்டுவது, வளையம் திருகுவது. கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் கற்றுக்கொடுத்தார். மைதாவைக் காய்ச்சும்போதே ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடு, இல்லாவிட்டால் பூச்சி முதலில் பசையைத் தின்னும், பிறகு காகிதத்தை, பிறகு ஆளை என்பார். ஆள் என்றால் படத்தில் இருப்பவர்.

மாமனார் போய்ப் பல வருடமாயிற்று. அவர் வைத்த வழக்கம் ஒன்று மட்டும் மாறவில்லை. வாங்க வருகிறவர் படத்தின் பின்பக்கத்தைப் பார்த்து, என் படம்தான், மாறவில்லை என்று வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே அவர் கண் முன்னால் காகிதம் ஒட்டுவது. எந்தக் காலத்திலோ ஒருவர், நிஜப் படத்தை எடுத்துக்கொண்டு நகலை வைத்துவிட்டாய் என்று வாசலில் நின்று கத்தினாராம். அதிலிருந்து இப்படி. பசை காயும் வரை வெளியே பெஞ்சில் உட்காருவார்கள். டீ வரும்.

அந்த மாதம் முழுக்கச் சங்கத்து வேலை. கடல் தாண்டி வந்தவர்களின் சங்கம் அது. கட்டடத்தைப் புதுப்பித்திருந்தார்கள். மாடி மண்டபத்தில், ஒவ்வொரு குடும்பத்திலும் முதலில் இந்தக் கரைக்கு வந்தவர் யாரோ அவர் படத்தை மாட்டுவது என்று தீர்மானம். வீட்டுச் சுவர்களிலிருந்தும் டிரங்குப் பெட்டிகளிலிருந்தும் படங்கள் கடைக்கு வந்தன. மூன்று சகோதரர்கள் நிற்கும் படம். ஸ்டூடியோவில் இரண்டு ஜோடி ஷூதான் இருந்தது போலும், மூன்றாமவர் பூந்தொட்டிக்குப் பின்னால் காலை மறைத்துக்கொண்டிருந்தார். மடியில் கைப்பையோடு ஒரு பெண். பை காலி என்பது அது சரிந்திருந்த விதத்தில் தெரிந்தது. கைக்கடிகாரம் தெரியச் சட்டைக் கையை மடித்துவிட்ட ஒருவர். கடிகாரத்தில் மணி தவறாக இருந்தது. பிழைத்துக்கொண்டேன், கவலைப்பட வேண்டாம் என்று ஊருக்குச் சொல்ல எடுத்த படங்கள். பாதிப் படங்கள் கடல் தாண்டிப் போய், பின்னால் வந்த மனைவிமாரோடு திரும்பி வந்தவை.

மனைவி ஒரு படத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க."

"ம்."

"இந்தக் கோட்டப் பாருங்க. மூணாவது பித்தான் இல்ல."

"இல்லாட்டிப் போகுது."

"அண்ணன் தம்பி மூணு பேர்ல நடு ஆளுக்கும் மூணாவது பித்தான் இல்ல. கடிகாரக்காரருக்கும் இல்ல." அவள் எட்டிச் சுவரைப் பார்த்தாள். "உங்க தாத்தாவுக்கும் இல்ல."

வாசலைப் பார்த்த சுவரில் அந்தப் படம் தொங்கியது. நெடுங்காலமாக அங்கேதான். கோட்டுப் போட்ட ஆள், நாற்காலியின் கைப்பிடியில் ஒரு கை. வயது முப்பதுக்கு மேல் இராது. கடைக்கு வருகிறவர்கள் கோட்டுத் தாத்தா என்றுதான் சொல்வார்கள். சுவருக்கு வெள்ளையடித்தபோதுகூட மாமனார் அதை இறக்க விடவில்லை. சுற்றி அடித்தார்கள்.

"அந்தக் காலத்துக் கோட்டு அப்படித்தான் இருக்கும்" என்றார் பிரேம்காரர்.

"தாத்தா கோட்டு இல்லாம வாசப்படி தாண்ட மாட்டாருன்னு சொன்னீங்களே. ஊர்ல பாதிப் பேரு அதப் போட்டுக்கிட்டுத் தாண்டியிருக்காங்க."

"இரவல் குடுத்திருப்பாரு. தாராள மனசு."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் கோடு இழுத்து, விளிம்பில் வைத்துத் தட்டினார். நேராக உடைந்தது.

சங்கத்துச் செயலாளர் போன வாரம் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். கோட்டுத் தாத்தா படம்தான் வரிசையில் முதல். திறப்பு விழாவில் பேரன் இரண்டு வார்த்தை பேச வேண்டும். தாத்தாவைப் பற்றிப் படத்துக்குக் கீழே வைக்கப் பலகை எழுதக் கொடுத்தாயிற்று. ஒரு பெட்டியோடு இறங்கினார், துறைமுகத்தில் சுமை தூக்கினார், அப்புறம் இந்தக் கடையைப் போட்டார் என்று பிரேம்காரர் சொல்ல, செயலாளர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

அன்று பதினொரு மணி வாக்கில் நர்ஸ் வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன வருடம் மாற்றலாகி வந்தவள், அம்மாவோடு தண்ணீர்த் தொட்டித் தெருவில் குடியிருக்கிறாள். குடையை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து உள்ளங்கை அளவுப் படம் ஒன்றை எடுத்தாள். கணவன், மனைவி, கணவன் கையில் இரண்டு வயதுக் குழந்தை.

"மண்டபத்துக்குண்ணே. எங்க வீட்ல முதல்ல வந்தது எங்கம்மாதான். அவங்களுக்குச் சின்ன வயசுப் படம் இது ஒண்ணுதான் இருக்கு. இந்தக் குழந்தைய மட்டும் பெரிசு பண்ணணும்."

"குழந்தைய மட்டுமா? அப்பா அம்மா?"

"பாட்டி படத்துல வராட்டியும் பரவால்ல. தாத்தாவ வெட்டிருங்க. அம்மா சொல்லிட்டாங்க."

"அவர் கையிலதான இருக்கு குழந்தை. ஆள வெட்டினாலும் கை நிக்கும்."

"நிக்கட்டும்."

அதைச் சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பியவள் சுவரைப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள். பிறகு கையிலிருந்த சின்னப் படத்தைப் பார்த்தாள்.

"இது யாருண்ணே?"

"எங்க தாத்தா."

"அப்பாவோட அப்பாவா?"

"ஆமா."

"எந்த வருஷம் வந்தாரு?"

"அது இருக்கும், எங்கப்பா பொறக்கறதுக்கு முன்னாடி."

"தனியாவா வந்தாரு?"

"தனியாத்தான். ஒரே பெட்டி."

"அங்க யாரையும் விட்டுட்டு வரலயா?"

பிரேம்காரர் ஸ்கேலை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார். "பன்னெண்டுக்குப் பதினாறு போட்டுரலாமா?"

"போடுங்க" என்றாள் நர்ஸ். சின்னப் படத்தைக் கொடுக்கக் கொஞ்சம் யோசித்தாள். வாங்க வரும்போது, தன் படம்தான், மாறவில்லை என்று அவள் சொன்ன பிறகே பின்பக்கம் அவள் எதிரில் ஒட்டப்படும், எதுவும் மாறாது என்று பிரேம்காரர் விளக்கினார். கொடுத்தாள். வெளியே போய்க் குடையை விரித்தாள். மழை இல்லை. மறுபடி மடக்கிக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் நின்று கடைக்குள் பார்த்தாள்.

தட்டி மறைவிலிருந்து மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும் முன் அவள் அந்தச் சின்னப் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பஞ்சால் ஒற்றினாள். ஒற்றுவது நின்றது. எழுந்து போய்ச் சுவருக்குக் கீழே நின்றாள். திரும்பி வந்தாள்.

"இவருக்கு இடது காது பிளந்திருக்கு."

பிரேம்காரர் முட்டையை உரித்துக்கொண்டிருந்தார்.

"மடல் ரெண்டா நிக்குது. கிழிஞ்சு ஆறினது. சுவத்துல இருக்கவருக்கும் அப்படியே."

"காது எல்லாருக்கும்தான் இருக்கு."

"கிழிஞ்ச காது எல்லாருக்கும் இருக்கா? உங்களுக்கு இருக்கா, எனக்கு இருக்கா?"

"சாப்பிடு."

"அந்தப் பொண்ணு சும்மா வரல. வேவு பாக்க வந்திருக்கா. உங்க தாத்தா அங்க ஒரு குடும்பத்த வெச்சிருந்திருக்காரு. அதுங்க இப்ப தேடிக்கிட்டு வருதுங்க. நாளைக்கு இந்தக் கடை எங்க தாத்தா போட்டதுன்னு வந்து நிப்பாங்க, நீங்க டீ வாங்கிக் குடுங்க."

வழக்கமாக இப்படி ஒரு பேச்சு வந்தால் இரண்டு வார்த்தை கூடுதலாகவே பேசுகிறவர். இப்போது முட்டையில் உப்பைத் தொட்டுத் தின்றார். அவள் அதையும் கவனித்தாள்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் நர்ஸ் கடைப் பக்கம் போனாள். ஒரு தடவை ஆஸ்பத்திரி உடுப்பில், ஒரு தடவை காய்கறிப் பையோடு. உள்ளே வரவில்லை. காய்கறிக் கடை அந்தத் தெருவில் இல்லை.

பிறகு ஒரு பிற்பகல் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். எண்பதைத் தாண்டிய கிழவி. கண்ணில் புரை. மகளின் கையைப் பிடிக்காமல், மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எங்க இருக்கு?"

நர்ஸ் சுவரைக் காட்டினாள்.

"தெரியல. கிட்டக் கொண்டா."

"அத இறக்கறதில்லம்மா" என்றார் பிரேம்காரர்.

"அப்ப என்னத் தூக்கு."

நர்ஸ் ஸ்டூலைப் போட்டாள். கிழவி அதன்மேல் ஏறினாள். மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனாள். முகத்தைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. காதைத்தான் பார்த்தாள்.

"நான் கிழிச்ச காது" என்றாள். "கைக்குழந்தையா இருந்தப்ப கடுக்கனப் புடிச்சு இழுத்துட்டேனாம். எங்கம்மா சொல்லுவா."

இறங்கி, இப்போது உட்கார்ந்தாள். பிரேம்காரர் நிற்கும் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"நீதான் அவன் பேரனா?"

மனைவி தட்டியைத் தாண்டி முன்னால் வந்து நின்றாள்.

"ஆமாம்மா" என்றார் அவர்.

"இங்க கட்டினவ வயித்துப் பேரன்."

அவர் மேசைக் கம்பளியின் ஓரத்தை நீவிவிட்டார்.

"நல்லாத் தெரியுமா? உங்கப்பனுக்கு இவன்தான் அப்பனா?"

"எங்க தாத்தாதாம்மா அது."

கிழவி தலையாட்டினாள். நிதானமாக, கணக்கு ஒத்துக்கொண்டவள் மாதிரி.

"நான் சொன்னதுதான் சரி. எங்கம்மாதான் கேக்கல. மொதல்ல காசு, கடுதாசின்னு எதாவது வந்துக்கிட்டு இருந்துச்சு, அப்புறம் நின்னு போச்சு. அவர் வருவாரு, வர முடியலன்னா எதையாவது அனுப்புவாருன்னு சாகற வரைக்கும் அதையே சொன்னா. அவன் வேற குடும்பம் வெச்சுட்டான், உனக்குப் புத்தி இல்லன்னு நான் அவள ஏசினேன். ஊரும் அதைத்தான் சொல்லிச்சு. பொறவு நானும் இந்தப் பக்கம் பொழைக்க வந்தேன். எத்தனையோ ஊர்ல இருந்தேன். அவன மட்டும் தேடல."

"ஏன்மா?" என்றாள் மனைவி.

"தேடினா கிடைச்சிருவான்ல."

டீ வந்தது. கிழவி தொடவில்லை.

"கடையில பங்கு கேக்க வந்தேன்னு நெனைக்காத. உன் வீட்டுக்காரி மூச்சு விடறது எனக்குக் கேக்குது. எனக்கு ஒண்ணும் வேணாம். மண்டபத்துல இந்தப் படத்துக்குக் கீழ பலகை வைக்கப் போறீங்களாம். அதுல எங்கம்மா பேர் வரணும். முதல் சம்சாரம்னு. அவளையும் பொண்ணையும் விட்டுட்டு வந்தான்னு. ஊர் படிக்கட்டும்."

"அது சங்கத்துக்காரங்க விஷயம்" என்றார் பிரேம்காரர்.

"அவங்ககிட்டயும் சொல்லுவோம்ணே" என்றாள் நர்ஸ். "உங்களக் கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தோம்."

அவர்கள் போன பிறகு மழை பிடித்தது. ஷட்டரைப் பாதி இறக்கினார். வாடிக்கை யாரும் வரவில்லை. மனைவி ஸ்டூலை எடுத்துச் சுவருக்குக் கீழே போட்டாள்.

"என்ன பண்ற?"

"மண்டபத்துக்குப் போகணும்ல. துடைக்க வேணாமா?"

"நான் துடைக்கிறேன். நீ எறங்கு."

அவள் இறங்கவில்லை. கம்பியை ஆணியிலிருந்து விடுவித்து, படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். சுவரில் பழைய நீலம் ஒரு சதுரமாக இருந்தது. அந்தக் கடை முன்பு நீல நிறத்தில் இருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

தன் மேசையில் கவிழ்த்து வைத்தாள். விளக்கைப் போட்டாள். மழைதான் கேட்டது.

"இங்க வாங்க."

அவர் போனார். போகும்போதே கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார், கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும்.

"பின்பக்கம் ஒட்டல."

வெறும் அட்டை. ஆணிகளைப் பாதி அடித்து மடக்கியிருந்தது. அடித்த கை மாமனாருடையது. அவர் எப்போதும் இடப்பக்கமாக மடக்குவார். சட்டத்தின் விளிம்பில் காகிதம் ஒட்டிய தடம் இல்லை. மரம் பழுத்து, சுத்தமாக இருந்தது.

"எத்தன ஆயிரம் பின்பக்கம் ஒட்டியிருப்பேன். இது என்னன்னு எனக்குத் தெரியாதா? வாங்க ஆள் வரல. ஒட்டல. அவ்வளவுதான். இது யாரோ வாடிக்கைக்காரர் குடுத்த படம்."

அவர் பக்கத்திலிருந்த பசைச் சட்டியின் மூடியைச் சரிசெய்தார்.

"உங்களுக்குத் தெரியும்."

"சின்ன வயசுல அப்பாகிட்டக் கேட்டேன், தாத்தா பேரு என்னன்னு. ஒரு பேரச் சொன்னாரு. அடுத்த வருஷம் கேட்டேன். வேற பேரு. அதுக்கப்புறமும் ஒரு தடவ கேட்டேன். மூணாவதா ஒண்ணு. அதோட கேக்கறத விட்டுட்டேன்."

"மாமா ஏன் அப்படிச் செஞ்சாரு?"

"மாதிரிக்கு மாட்டியிருப்பாரு. நல்லா விழுந்த படம், கோட்டு வேற. வரவன், உங்கப்பாவான்னு கேட்டிருப்பான். ஆமான்னு சொன்னா அடுத்த பேச்சு மரியாதையா வந்திருக்கும். அவருக்கு அப்பா மூஞ்சி தெரியாது. கப்பல்ல யார் கையப் புடிச்சுக்கிட்டு வந்தோம்னே தெரியாது. எறங்கினதும் அந்தக் கை விட்டுட்டுப் போயிருச்சாம். அத மட்டும் ஒரு தடவ சொன்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

"சுவத்துல தொங்கறவரு யாருன்னு எந்த மருமக கேப்பா? எங்கப்பா பொண்ணு குடுக்க யோசிச்சாரு. கடைக்கு வந்து இந்தக் கோட்டப் பாத்துட்டுத்தான் சரின்னாரு. ஸ்டூடியோ கோட்டுக்கு வாக்கப்பட்டிருக்கேன் நான்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

அவள் படத்தை நிமிர்த்தினாள். "ஸ்டூடியோக்காரங்க அம்மைத் தழும்பு, வெட்டுக்காயம் எல்லாத்தையும் பென்சில் போட்டு மறைச்சிருவாங்கல்ல?"

"மறைச்சிருவாங்க."

"இவருக்குத் தாடையச் சரி பண்ணியிருக்காங்க. புருவத்தச் சரி பண்ணியிருக்காங்க. காத விட்டுட்டாங்க."

"மறந்திருப்பாங்க."

"விடச் சொல்லியிருப்பாரு. அங்க இருக்கறவங்களுக்கு அடையாளம் தெரியணும்ல. வேற குடும்பம் வெச்சவன் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவானா? அனுப்பத்தான் எடுத்திருக்காரு. வாங்க வர்றதுக்குள்ள என்னமோ ஆயிருச்சு." அவள் குரல் இறங்கியது. "அந்தம்மாகிட்ட நீங்க என்ன சொன்னீங்க? எங்க தாத்தான்னு சொன்னீங்க."

"இப்பப் போய் மாத்திச் சொன்னா நம்புவாங்களா? பலகையில முதல் சம்சாரம்னு வந்துரக் கூடாதுன்னு கதை விடறான்னுதான் சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

"சங்கத்துல எங்க மூஞ்சிய வெச்சுக்கறது?"

"எந்த மூஞ்சிய?" என்றாள் அவள். படத்தை மறுபடி கவிழ்த்தாள்.

அந்த வாரக் கடைசியில் அம்மாவும் மகளும் படத்தை வாங்க வந்தார்கள். வெயில் அடித்தது. பசைக்கு நல்ல நாள். குழந்தையின் படம் மேசையில் தயாராக இருந்தது. பெரிய கண், விரித்த விரல்கள். குழந்தைக்குக் கீழே, இடமிருந்து வலமாக, ஒரு ஆணின் முன்கை. கைக்கு மேலே ஆள் இல்லை. நர்ஸ் குனிந்து பார்த்தாள்.

"நல்லா இருக்கும்மா. கைதான் ஒரு மாதிரி தெரியுது."

"தெரியட்டும்" என்றாள் கிழவி.

பிரேம்காரர் கோட்டுத் தாத்தாவைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். நின்றபடியே சொன்னார். இவர் என் தாத்தா இல்லை, யாரென்று எங்களுக்குத் தெரியாது, படம் கொடுத்துவிட்டு வாங்க வராதவர், அதனால்தான் பின்பக்கம் காகிதம் ஒட்டவில்லை, எங்கப்பா மாட்டிவைத்தார், நாங்கள் அப்படியே சொல்லிக்கொண்டு வந்தோம். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒத்திகை பார்த்திருந்தார்.

முதலில் பேசியது நர்ஸ்.

"அன்னைக்குத் தாத்தான்னீங்க. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. பாட்டி பேரப் போடணும்னு சொன்னதும் யாரோன்றீங்க."

"அதுக்காக இல்லம்மா."

"பின்ன எதுக்கு? உங்க குடும்பப் பேரு கெடக் கூடாது. எங்க பாட்டி பேரு எப்படிப் போனாலும் உங்களுக்கு என்ன?"

"மண்டபத்துல என் தாத்தான்னு இந்தப் படம் வராது. காலையில போய்ச் சங்கத்துல சொல்லிட்டேன்."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் கட்டை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"செயலாளர் என்ன சொன்னாரு?" என்றாள்.

"சிரிச்சாரு."

கிழவி இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டு தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"பொய்" என்றாள். "காகிதம் ஒட்டலன்னா வாங்க வரலன்னு அர்த்தம்னு சொல்ற. ஒட்டியிருந்தத நேத்து ராத்திரி கிழிச்சிருப்ப."

"கிழிச்சா பசை நிக்கும்மா" என்றாள் மனைவி. உள்ளே போய்ப் பழைய சட்டம் ஒன்றை எடுத்து வந்தாள். யாரோ பிரேம் மாற்றிக்கொண்டு விட்டுப் போனது. "இது ஒட்டிக் கிழிச்சது. தொட்டுப் பாருங்க."

கிழவி தொட்டாள். "சொரசொரங்குது. பொருக்கு மாதிரி."

"எத்தன வருஷமானாலும் அது போகாது. சுரண்டினா மரம் வெள்ளையாத் தெரியும். இப்ப இதத் தொடுங்க."

கிழவியின் விரல்கள் கோட்டுத் தாத்தாவின் பின்விளிம்பில் போயின. மேலே, கீழே, இரண்டு பக்கமும். மூலைகளில் நின்று நின்று போயின. நகத்தால் ஓரிடத்தில் அழுத்தி, நகத்தை மூக்கருகே கொண்டுபோனாள்.

"தூசி" என்றாள்.

மறுபடி முதலிலிருந்து தடவினாள். வாசலில் ஒரு ஆட்டோ நின்று, புகை விட்டு, போயிற்று.

"ஆணி அரைகொறையா இருக்கு."

"வாங்க வந்தப்புறம்தான் முழுசா அடிப்பாங்கம்மா" என்றார் பிரேம்காரர்.

"இத எதுக்கு எடுத்தான்?"

"ஊருக்கு அனுப்பத்தான். அந்தக் காலத்துல எல்லாரும் அதுக்குத்தான் எடுத்தாங்க."

"ஊர்ல யாருக்கு?"

"உங்களுக்கும் பாட்டிக்கும்தாம்மா" என்றாள் நர்ஸ்.

"நீ சும்மா இரு. அவன் சொல்லட்டும்."

"உங்களுக்குத்தாம்மா" என்றார்.

கிழவி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவள எவ்வளவு ஏசியிருப்பேன்."

மகள் தோளைத் தொடப் போனாள். கிழவி தோளை விலக்கிக்கொண்டாள்.

"வாங்க வரவங்க என்னமோ சொல்லணும்னியே."

நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள்.

கிழவி படத்தைத் திருப்பச் சொன்னாள். கண்ணாடிக்கு மேலே குனிந்தாள். காது இருக்கும் இடத்தில் விரலை வைத்தாள்.

"என் படம்தான்" என்றாள். "மாறல."

பிரேம்காரர் படத்தைக் கவிழ்த்து, இந்தத் தடவை தானே ஆணிகளை முழுதாக அடித்தார். மனைவி பழுப்புக் காகிதத்தை அளந்து வெட்டினாள். விளிம்பில் பசை தடவினாள். ஒரு பக்கத்தை வைத்து, துணிச் சுருளால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி ஒட்டினாள். காற்று நிற்கவில்லை. மூலைகளை மடித்து நகத்தால் தேய்த்தாள். பழைய கம்பியைக் கழற்றிவிட்டுப் புது வளையம் திருகினாள். குழந்தையின் படத்துக்கும் அதே போல். இரண்டையும் வெளியே வெயிலில், பெஞ்சுக்குப் பக்கத்தில், முகம் உள்ளே இருக்கச் சாய்த்து வைத்தார்கள்.

கிழவி பெஞ்சில் உட்கார்ந்தாள். டீ வந்தது. இந்தத் தடவை குடித்தாள். நர்ஸ் ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்குப் போனாள். உள்ளே சுவரில் நீலச் சதுரம் தெரிந்தது. வருகிறவர்கள் கேட்பார்கள். நாளை எதையாவது மாட்ட வேண்டும் என்று மனைவி நினைத்தாள். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மாட்டலாம்.

பிரேம்காரர் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்துவிட்டது என்றார்.

கிழவி கோப்பையைக் கீழே வைத்தாள். பார்வை அவர் இருக்கும் பக்கம், ஆனால் அவரைத் தாண்டி எங்கேயோ இருந்தது.

"ஏன் தம்பி. ஒருத்தன் ஆசையாப் படம் எடுத்துக் குடுத்துட்டு, வாங்க வரவே இல்ல. அவனுக்கு என்ன ஆச்சுன்னு உங்கப்பன் எங்கயாவது போய் ஒரு வார்த்த கேட்டானா?"